பேசின் பிரிட்ஜில் கொல்லிமலை

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு.
பெட்ஷீட் சுருட்டியாயிற்று, ட்யூப் ரெண்டு,
பஞ்சர் பசை, ஒரு டப்பா கடலை மிட்டாய்.
நாமக்கல் பஸ் கூரையில் நாலு சைக்கிள் ஏற்ற
பேரமும் முடிந்தது.
வியாழன் ராத்திரி தேசப்பனுக்குப் போன்:
கப்பல் ரெண்டு சேர்ந்து வந்திருக்கிறது,
லீவு கேன்சல், சனி நைட் ஷிப்ட்.

அவனை விட்டுவிட்டுப் போகலாம் என்று
யாரும் சொல்லவில்லை.
நான் நினைத்தேன்.

ஜெனிட்டாதான் கணக்குப் போட்டாள்.
"மலைன்னா இன்னா? ஏறணும், திரும்பணும்,
மறுபடி ஏறணும்.
நம்ம பிரிட்ஜ் இன்னா பாவம் பண்ணுச்சு?"

சனி, விடியாத நாலு மணி.
கால்வாய் நாற்றத்துக்கு மேலே முதல் ஏற்றம்.
முதல் பத்தும் விளையாட்டு.
கைப்பிடிச் சுவரில் சாக்பீஸ் கோடு,
நாலு கோட்டுக்கு ஒரு குறுக்கு.

வெளுக்கிற நேரம் நீலகிரி எக்ஸ்பிரஸ்
கீழே வந்து, வழக்கம்போல் சிக்னலுக்கு நின்றது.
ஊட்டியின் குளிரையெல்லாம் பெட்டிக்குள் பூட்டிக்கொண்டு
நம் வீட்டு வாசலில் நிற்கிற மலை.
ஜன்னலில் குரங்குக் குல்லா போட்ட ஒரு குழந்தை,
மடியில் வர்க்கிப் பொட்டலம்.
வேர்த்து ஊற்றும் எங்களை அண்ணாந்து பார்த்தது.
"இன்னா பாப்பா, மேல குளுருதா?"
நாசர் கத்தினான்.
அது யோசித்து, குல்லாவைக் கழற்றியது.

இருபத்தாறில் ஒரு டிராபிக் போலீஸ்:
"காலையிலேர்ந்து பாக்குறேன், எங்கதான் போறீங்க?"
"கொல்லிமலை சார்."
எங்களைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்,
சுவரில் கோடுகளைப் பார்த்தார்.
"ஓரமாப் போங்க" என்றார்.

பத்து மணிக்குமேல் தார் இளகி
டயரோடு பேசத் தொடங்கியது.
கன்டெய்னர் லாரி உரசிப் போகிற காற்றில்
ஹேண்டில் ஒரு நொடி
தனக்கென்று ஒரு முடிவு எடுக்கும்.
தொடை கல். நாக்கில் உப்பு.
முப்பத்தெட்டில் நாசரின் செயின் அறுந்தது.
புதுப்பேட்டையில் வாங்கின சைக்கிளைப்
புதுப்பேட்டையோடு சேர்த்துத் திட்டினான்.

அப்புறம் அந்த மீன்பாடி வண்டி.
ஐஸ் பெட்டிகள் ஏழோ எட்டோ,
பாதி மேட்டில் பின்னால் வழுக்கிக்கொண்டு.
இறங்கி ஓடினோம், தள்ளினோம்.
ஐஸ் தண்ணீர் முழங்கையில் வழிந்தது.
அன்றைக்குக் கிடைத்த ஒரே அருவி.
உச்சியில் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
மிதித்துக்கொண்டே போனார்.
எண்ணிக்கை தவறிவிட்டது.

நாற்பத்தொன்று என்றாள் ஜெனிட்டா.
நாற்பத்திமூன்று என்றேன் நான்.
தேசப்பன் சிரித்தான்: "நாப்பதுன்னே வெச்சுக்க,
இன்னா கொறஞ்சுடப் போவுது?"
மூன்று நாளாகத் தொண்டையில் இருந்தது
வாய்வழியே வந்துவிட்டது:
"உன்னாலதான்டா இங்க கெடக்குறோம்."

ரயில் ஒன்று கீழே போய் முடிகிற வரைக்கும்
யாரும் பேசவில்லை.
அவன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை
என் கையில் கொடுத்துவிட்டு
ஏறி மிதித்தான்.
நாற்பதிலிருந்தே எண்ணினோம்.

ஐம்பதுகள் எனக்கு ஞாபகமில்லை.
அறுபத்திரண்டில் ஜெனிட்டா வாந்தியெடுத்தாள்,
வாய் கொப்பளித்து, என்னையே முந்தினாள்.
அறுபத்தாறிலோ ஏழிலோ
தேசப்பன் என் பக்கத்தில் வந்து
முதுகில் கை வைத்துத் தள்ளினான்.
மீன்பாடி வண்டியைத் தள்ளின அதே மாதிரி,
ஒன்றும் சொல்லாமல்.
நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுபது.
உச்சியில் மேகம் இல்லை, காட்சி முனை இல்லை.
யார்டில் தண்ணீர் பிடிக்கும் பெட்டிகள்,
தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள்.
டப்பாவில் கடலை மிட்டாய்
உருகி ஒரே கட்டியாகியிருந்தது.
சுவரில் தட்டி உடைத்துத் தின்றோம்.

ஆறே முக்காலுக்கு அவன் முகம் கழுவினான்.
சட்டை மாற்றிக்கொண்டு, ஐடி கார்டை மாட்டிக்கொண்டு
அதே சைக்கிளில், அதே மேட்டில்
ஷிப்டுக்குக் கிளம்பினான்.
சாக்பீஸ் தீர்ந்திருந்தது.
"தேசப்பா, எழுபத்தொண்ணு!"
கத்தினேன்.
லாரி ஹாரனில் கேட்டிருக்காது.
கையைத் தூக்கினான்,
லாரிக்கு வழிவிடத்தானோ என்னவோ.